தேயிலைக் குச்சியும் குழாய்ப்புழுவும்

கடலடி மண்ணில் என்னென்ன உயிர் இருக்கிறது என்று பார்க்கும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிற தம்பி தங்கச்சிமாரே, நாலு வார்த்தை எழுதித் தரச்சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். கொட்டகலை மலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவளிடம் போய்க் கடலைப் பற்றிக் கேட்டால் சிரிப்புத்தான் வருகிறது. என் வீட்டுச் சன்னலைத் திறந்தால் தேயிலை. தேயிலைக்கு மேலே பனி. இந்தத் தீவைச் சுற்றிக் கடல் இருக்கிறது என்பதை இங்கே பலபேர் மீன் லொறி ஹோன் அடிக்கும்போதுதான் நினைப்பார்கள்.

எனக்கு அப்படி இல்லை. சில காலைகளில் பனி எழும்பாமல் பள்ளத்தை நிரப்பிக்கொண்டு தட்டையாகக் கிடக்கும். அதைப் பார்த்தவுடன் என் கால் விரல்கள் செருப்புக்குள் மணலைத் தேடும். கொஞ்ச நேரம் அப்படியே நிற்பேன். பிறகு வெயில் வந்து அந்தக் கடலை எடுத்துக்கொண்டு போய்விடும்.

நான் படித்து வந்தவள் இல்லை. கருவாட்டு லொறி ஓட்டியவரைக் கட்டிக்கொண்டு இந்த மலையிலிருந்து வடமேற்குக் கரைக்குப் போனேன். அங்கே ஆய்வு நிலையத்தில் சமைக்கச் சேர்ந்தேன். சோறு வெந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், கை சும்மா இருக்கிறதே என்று மண்ணில் உயிர் பொறுக்கும் மேசையில் போய் உட்கார்ந்தேன். ஓய்வு பெறும்வரை எழுந்திருக்கவில்லை. அன்றைக்குச் சோறு குழைந்துபோனதாகச் சொல்வார்கள்.

வேலை முறையை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடலடியில் மண்ணை எப்படி அள்ளுவது, எந்தச் சல்லடையில் அலசுவது, எதில் ஊறப்போடுவது என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. முகத்துக்கு நேரே ஒரு பதிலைக் கேட்கிறார்கள், கையில் பதில் இல்லை, அப்போது என்ன செய்வது என்பது புத்தகத்தில் இல்லை. எனக்கு அது வாய்த்த கதையைச் சொல்கிறேன்.

நாடு முழுக்க டீசலுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்ற வருஷம் அது. கரையிலிருந்த எங்கள் நிலையத்தில் மின்சாரம் வந்தால் விருந்தாளி வந்ததுபோல. ஆட்கள் வேலைக்கு வர வழியில்லை. பிரித்துப் பார்க்காத மண் வாளி வாளியாக நிற்கிறது. பொறுப்பாக இருந்த மேடம் இளவயதுக்காரர், நல்ல பிள்ளை, பயந்த பிள்ளை. மாத முடிவுக்குள் முடிவுகளைக் கொடுத்தாக வேண்டும் என்று அவருக்கு நெருக்கடி.

என்ன நெருக்கடி என்றால், கட்டட வேலைகளுக்காகக் கடலடியிலிருந்து மணல் உறிஞ்சி எடுக்க ஒரு தரப்பார் அனுமதி கேட்டிருந்தார்கள். கேட்ட இடம் ஒரு சின்ன வளைகுடா. “அங்கே ஒன்றுமில்லை, வெறும் மணல்” என்பது அவர்கள் பேச்சு. உண்மையில் வெறும் மணல்தானா என்பதைத்தான் நாங்கள் சொல்ல வேண்டும்.

அந்த வெறும் மணலுக்கு நேரே, கரையில், மேரி அக்காவின் வீடு. என் வீட்டுக்காரர் காலமான பிறகு நான் இருந்தது அந்த வீட்டில்தான். மேரி அக்கா கரைவலை இழுப்பவர். தோணியில் போய் வலையை வளைத்துப் போட்டுவிட்டு, கரையில் இரண்டு பக்கமும் ஆட்கள் கயிற்றைப் பிடித்து இழுக்கும் தொழில் அது. கடலடியில் பள்ளம் தோண்டினால் கரை சரியும், வலை சிக்கும். மண்ணிலுள்ள புழுவைத் தின்ன வருகிற கிழங்கான் மீனும் காரல் மீனும் வேறு பக்கம் பார்த்துப் போய்விடும். மேரி அக்காவுக்கு அந்தக் கரையை விட்டால் வேறு கரை இல்லை. கரைவலைக்கு அப்படித்தான், அவரவருக்கு ஒரு துண்டுக் கடல்.

நான் அப்போது விடுமுறையில் கொட்டகலைக்கு வந்து, பஸ்ஸும் ரயிலும் இல்லாமல் இங்கேயே மாட்டிக்கொண்டிருந்தேன். மேடம் போனில் அழாத குறை. எனக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் தோட்டத்துப் பெக்டரியும் டீசல் இல்லாமல் மூடிக் கிடந்தது. தூளிலிருந்து குச்சி பொறுக்கும் பெண்கள் சும்மா இருந்தார்கள். தேயிலைத் தூளில் கிடக்கும் மெல்லிய குச்சியைக் கண் இமைக்கும் முன் எடுத்து எறியும் கைகள் அவை. அந்தக் கைகளுக்கு மண்ணில் புழு பொறுக்குவது பெரிய வேலையா?

மேடம் யோசித்தார், சரி என்றார். லீக்ஸ் மரக்கறி ஏற்றிக்கொண்டு கீழே போன லொறி திரும்பும்போது, வாளிகளை மூடி கட்டி ஏற்றிவிட்டார். கடல் மலை ஏறி வந்தது. தோட்டத்து வாசிகசாலையில் மேசை போட்டு, சன்னல்களைத் திறந்து வைத்தோம். சொல்லிக்கொடுத்தேன். சாயம் போட்டிருக்கிறது, உயிராக இருந்ததெல்லாம் ரோசாக் கலரில் தெரியும், அதை எடுத்து இந்தப் போத்தலில் போடுங்கள். குழாய் கட்டிக் குடியிருக்கும் புழுவையும் காட்டினேன். முதல் வாளியில் கிடைத்தது விரல் தடிமன் குழாய், மேலெல்லாம் சிப்பித் துண்டு ஒட்டியது. பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ராஜம்மா வாய்க்காரி. முதல் தட்டைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிட்டாள்.

“அடி ஆத்தி! கடலுக்குள்ள புழுவெல்லாம் பவுடர் போட்டுக்கிட்டுல்ல இருக்கு. எங்கள விட நல்லாத்தான் இருக்காளுங்க.”

“அது சாயம் ராஜம்மா.”

“எங்க மூஞ்சில இருக்கிறதும் சாயந்தானேக்கா. கொழுந்துச் சாயம்.”

பாக்கியம் அவளுக்கு நேர் எதிர். நாள் முழுக்க ஒரு வார்த்தை. ஆனால் அந்த ஒரு வார்த்தை எப்போதும் கேள்வியாக இருக்கும். “இதெல்லாம் அங்க உசிரோட ஓடுமாக்கா?” என்பாள். ஓடும் என்பேன். “ஓடுறப்ப என்னா கலரு?” கலர் இல்லை, தண்ணி மாதிரி இருக்கும் என்பேன். அதைக் கேட்டுக்கொண்டு ரொம்ப நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் கடலைப் பார்த்ததில்லை. ராஜம்மாவும் பார்த்ததில்லை. “எங்க பாட்டன் பூட்டனெல்லாம் கடலத் தாண்டித்தான வந்தாங்க. தாண்டுன களைப்பு இன்னும் தீரல போல, நாங்க யாரும் அந்தப் பக்கம் போகல” என்பாள் ராஜம்மா.

மேரி அக்கா பொழுது சாய்ந்தால் எனக்குப் போன் எடுப்பார்.

“என்னடி சரோசா, எங்கட மண் என்னவாம்?”

“ஒங்க வாளிய இன்னும் தொறக்கலக்கா. மத்த எடத்துது ஓடிக்கிட்டு இருக்கு.”

“மலையில கொண்டுபோய் வைச்சிருக்கிறாய். எங்கட மண்ணுக்குக் குளிர் பிடிக்கப்போகுது. போர்த்திவிடு.”

அவர் சிரிப்பார். பின்னால் அலை கேட்கும். நான் பேச்சை நீட்டிக்கொண்டே போவேன். சொல்ல விஷயம் இருந்து அல்ல. அலைக்காக.

மற்ற இடங்களின் வாளிகள் நன்றாகவே போயின. மட்டி, ஊரி, புழு, இறாலைப் போலச் சின்னச் சின்னப் பூச்சிகள் என்று போத்தல்கள் நிறைந்தன. பிறகு மேரி அக்காவின் வளைகுடா மண்ணைத் திறந்தோம். ஒரு நாள் பார்த்தார்கள், போத்தலின் அடியில்கூட ஒன்றும் சேரவில்லை. மறுநாளும் அப்படித்தான். அங்கொன்று இங்கொன்றாக ஒரு மட்டி, ஒரு நண்டுக் குஞ்சு. நான் அந்தக் கடலில் எத்தனையோ தடவை மண் அள்ளுவதைப் பார்த்தவள். என்னால் நம்பவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. கடல் மாறும். ஒரு பருவத்தில் நிறைந்திருக்கும், இன்னொரு பருவத்தில் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். ‘வெறும் மணல்’ என்று அவர்கள் சொன்னதுதான் உண்மையோ?

வாளி முடிந்த மறுநாள் ராஜம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

“என்னாக்கா, மூஞ்சி வாடிக் கெடக்கு?”

“இந்த மண்ணுல ஒண்ணுமே இல்ல ராஜம்மா.”

“உசிரு இல்லாட்டி என்னா? மண்ணு சுத்தமா இருக்குல்ல? இந்த வாளி மாதிரிக் குச்சி எந்த வாளியிலயும் கெடக்கல. ஒரு குச்சி விடாமப் பொறுக்கி எறிஞ்சிட்டோம்ல நாங்க. குச்சி கெடந்தா தூளு கெட்டுப்போகும்னு எங்களுக்கா தெரியாது?”

கையிலிருந்த போத்தலை மேசையில் வைத்தேன்.

“என்னா குச்சி?”

மேசை விளிம்பில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ராஜம்மா நகத்தால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். மண் நிறம், ஈர்க்கை விட மெல்லியது, ஒடிந்த தேயிலைக் காம்பு போலவே இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தேன். மேலே மணல் மணியாக, ஓட்டுக்கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தது. சாயம் அதன் மேல் ஏறாது. நான் காட்டிய குழாயின் தடிமனும் இல்லை, சிப்பியும் இல்லை. ஊசியால் மெதுவாகக் கீறினேன். உள்ளே மடங்கிப் படுத்திருந்தது, ரோசாக் கலரில்.

“ஐயையோ!” என்றாள் ராஜம்மா. “குச்சிக்குள்ள ஆளு இருக்கே!”

யாரைக் குறை சொல்வது? குச்சியைக் கண்டால் எறி என்பது அந்தக் கைகளுக்குள் ஊறிப்போனது. இந்தியாவிலோ கொழும்பிலோ யாரைக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தாலும் இந்தத் தவறு நடந்திருக்காது. எங்கள் மலையில்தான் நடக்கும்.

நல்லவேளை, பொறுக்கிய மண்ணைக் கொட்டக்கூடாது, சாக்கில் கட்டி வைக்க வேண்டும் என்பது நம் தொழிலின் விதி. எறிந்த குச்சியும் கழிவு மண்ணோடு அந்தச் சாக்கில்தான் சேர்ந்திருக்கும், திரும்பத் தேடினால் போயிற்று. வாசிகசாலைக்குப் பின்னால் ஓடினேன். மற்ற இடத்துச் சாக்குகள் இருந்தன. மேரி அக்காவின் கரைச் சாக்கு மட்டும் காலியாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. மடிப்பு எவ்வளவு ஒழுங்கு தெரியுமா? திருடன் அப்படி மடிக்க மாட்டான்.

பாக்கியம் வாசலில் வந்து நின்றாள்.

“அக்கா, அந்த மண்ண நான்தான் அலசி எடுத்துக்கிட்டுப் போனேன். கழிவுதானேன்னு நெனச்சேன். கேக்காம எடுத்தது தப்புதான்.”

“எங்க இருக்கு?”

“அப்பாகிட்ட.”

அவள் அப்பா வீரமுத்து அதற்கு முந்தின வருஷம் இறந்துபோனவர். எனக்கும் தெரிந்தவர்தான், மலையில் தேயிலைக்கு மருந்து அடித்தவர். கடலைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஒரே நச்சரிப்பு. ஒரே ஒரு தடவை கொழும்புக்குப் போனார், அதுவும் ஆஸ்பத்திரிக்கு. கடல் பக்கத்தில்தான் இருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். படுக்கையில் இருந்தபடியே காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாராம். “என்னாப்பா கேக்குது?” என்று பாக்கியம் கேட்டதற்கு, “வாகனச் சத்தந்தாம்மா, ஆனா அதுக்குப் பின்னால என்னவோ இருக்கு” என்றாராம். அதோடு சரி. திரும்பி வந்தது பெட்டியில்.

முந்தின நாள்தான் அவருக்கு வருஷத் திதி. இந்த மண்ணை அவர் குழிமேட்டில் கொண்டுபோய்ப் பரப்பியிருக்கிறாள். அவர் வராவிட்டால் என்ன, கடலை அவரிடம் கொண்டுபோய்விடலாம் என்று நினைத்திருக்கிறாள்.

மூன்று பேரும் மயானத்துக்கு ஏறினோம். ராஜம்மா கையில் பேசின். கடைசித் தேயிலை மலைக்கும் மேலே, சரிவில் இருக்கிறது எங்கள் மயானம். மற்ற மேடெல்லாம் செம்மண். அவர் மேடு மட்டும் சாம்பல் வெள்ளை. நடுவே சிப்பித் தூள் மின்னியது. பார்த்தவுடன் எனக்கு மேரி அக்காவின் வாசல் நினைவு வந்தது. அந்த மணலில் நான் எத்தனை வருஷம் செருப்பில்லாமல் நடந்திருக்கிறேன். அது இங்கே, மேகம் தொடுகிற இடத்தில், ஒரு மலைக்காரனைப் போர்த்திக்கொண்டு கிடக்கிறது.

பாக்கியம் குனிந்து இரண்டு கையாலும் மண்ணைக் கூட்டினாள்.

“எடுத்துக்குங்கக்கா. அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. உசிரோட இருந்தப்பவே சொல்லாத மனுசன்.”

தம்பி தங்கச்சிமாரே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது. மழை விழுந்தால் எல்லாம் செம்மண்ணோடு போய்விடும். பெற்ற மகளே சம்மதிக்கிறாள். பேசின் தயாராக இருக்கிறது. அந்தப் பக்கம் மேரி அக்காவின் கரை. அள்ளிக்கொண்டு போய்த் தேடினால் நூற்றுக்கணக்கில் குழாய் கிடைக்கும், எனக்குத் தெரியும். யாருக்கு என்ன நஷ்டம்?

ஆனால் அது ஒரே தடவை அள்ளிய மண் அல்ல. வளைகுடாவில் அங்கங்கே அள்ளியதெல்லாம் ஒரே சாக்கில் கலந்துவிட்டது. இப்போது மலை மண்ணும் கலந்திருக்கிறது. காற்றில் பாதி போயிருக்கிறது. இதில் எண்ணி எதை எழுதினாலும், எண் இருக்கும், அர்த்தம் இருக்காது. கையை விட்டுப் போன மண் சாட்சி சொல்லாது. இன்னொன்றும் உண்டு. மகள் போர்த்திய போர்வையை உருவ எனக்கு மனம் வரவில்லை. இந்த இரண்டில் எது முதலில் என் கையைப் பிடித்தது என்று கேட்டால் எனக்கே தெரியாது. உங்களுக்கும் இப்படித்தான் வரும். தொழிலின் நியாயமும் மனசின் நியாயமும் சில நேரம் ஒரே தோணியில் வந்து இறங்கும். எது முன்னால் குதித்தது என்று பார்த்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

“இருக்கட்டும் பாக்கியம். கைய எடு” என்றேன்.

ராஜம்மாவுக்குக் கோபம். “அப்ப அந்த மேரியக்காவுக்கு என்னா சொல்லுவீங்க? செத்தவருக்கு மண்ணு வேணுமா, இருக்கிறவளுக்கு வேணுமா?”

பதில் சொல்லும் முன் மழை வந்தது. பேசினைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மூன்று பேரும் இறங்கினோம்.

மழை விழுந்தால் எங்கள் பக்கம் சிக்னல் கிடைப்பது பிள்ளையார் கோயில் வளைவில்தான். அங்கே நின்று மேடத்தைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். மேடம் மாத முடிவைத்தான் நினைத்தார்.

“அக்கா, பக்கத்து வளைகுடாவில் எடுத்த கணக்கையே இதுக்கும் போட்டால் என்ன? ரெண்டும் ஒரே மாதிரிக் கடல்தானே.”

“ஒரே மாதிரின்னு நமக்குத் தெரியாது மேடம். நெனைக்கிறோம்.”

“அப்ப அந்த இடத்தை வெறுமையா விடுறேன்.”

“வெறுமையா விட்டா, பாக்கிறவங்க அத ‘ஒண்ணுமில்ல’ன்னுதான் வாசிப்பாங்க. அவங்களுக்கு அதுதானே வேணும். ‘எங்க மாதிரி கெட்டுப்போச்சு, அங்க என்னா இருக்குன்னு எங்களுக்கு இன்னும் தெரியாது’ன்னு முழு வசனமா எழுதுங்க. என் கையில ஒரு குழாய் இருக்கு. அதையும் எழுதுங்க. ஒண்ணு இருக்கு, திரும்பப் பாக்கணும்னு.”

“நம்மளைப் பிடிச்சு ஏசுவாங்க அக்கா.”

“ஏசட்டும் மேடம். ஏச்சு வாங்கினா ஒடம்புல ஓட்டை விழாது.”

பயந்த பிள்ளை என்றேன் அல்லவா? எழுதினார். ஏச்சும் வாங்கினார். பயம் இல்லாதவர்கள் எழுதியிருந்தால் நான் இவ்வளவு மதித்திருக்க மாட்டேன். ‘இல்லை’ என்பதும் ‘தெரியாது’ என்பதும் காகிதத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு. நாம் எந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறோம் என்பதில்தான் ஒரு கரை இருப்பதும் போவதும்.

மேரி அக்காவிடம் சொன்னதுதான் இன்னும் கஷ்டம்.

“எங்கட மண்ணைத் தொலைச்சுப்போட்டியாடி?”

“ஆமாக்கா.”

“ஒரு சவக்குழியில கொண்டுபோய்க் கொட்டிப்போட்டு வந்து எனக்குக் கதை சொல்லுறாய்.”

போனை வைத்துவிட்டார். அன்றைக்கு அலைச் சத்தமும் இல்லை.

மறுநாள் காலை அவரே எனக்குப் போன் எடுத்தார். குரல் தணிந்திருந்தது. “அந்த மனுசன் கடலைப் பாத்ததே இல்லையாமோ?” என்று கேட்டார். இல்லை என்றேன். “பாவம்” என்றார். பிறகு, “திரும்ப அள்ளினா உங்கட ஆக்கள் ஏற்பினமோ?” என்றார்.

“ஏத்துக்குவாங்க. மேடம் தவணை கேட்டு வாங்கியிருக்காங்க. ஆனா படகுக்கு டீசல் இல்லியேக்கா.”

“டீசல் வாறதுக்கு முன்னம் எங்கட ஆக்கள் என்னத்தில போனவையாம்? தண்டு கிடக்கு, தோள் கிடக்கு. நீ இறங்கி வா.”

ரயில் அதற்குள் திரும்ப ஓடத் தொடங்கியிருந்தது. கொட்டகலை ஸ்டேஷனுக்கு ராஜம்மாவும் பாக்கியமும் வந்திருந்தார்கள். பாக்கியம் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலத்தை என் கையில் வைத்தாள்.

“அந்த மண்ண மழை கரைச்சிருச்சுக்கா. இது அப்பா மேட்டு மண்ணு. கடல அவருகிட்டக் கொண்டுவர முடியல, அவர அங்க அனுப்புறேன்.”

“நீயே வாயேன் புள்ள.”

“நாளைக்கு பெக்டரி தொறக்குறாங்களாம். போகாட்டி வேற ஆளப் போட்டுருவாங்க.” பொட்டலத்தை ஒரு தடவை தொட்டாள். “எனக்கும் சேத்துப் பாத்துட்டு வாங்க.”

“கடல்ல கரைச்ச பெருங்காயமாத்தான் போகப்போறாரு” என்றாள் ராஜம்மா. சொல்லிவிட்டு அவளே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

கரைக்கு மேடம் மண் அள்ளும் இரும்புக் கவ்வியோடு வந்து சேர்ந்திருந்தார். நான் கரைக்காரியாக எத்தனை வருஷம் இருந்தும் தோணியில் ஏறினால் வாந்தி எடுப்பேன். அன்றைக்கும் எடுத்தேன். ஆண்கள் தண்டு என்கிற நீளத் துடுப்பை வலித்தார்கள். கவ்வியைக் கயிற்றில் கட்டி இறக்கி, கையாலேயே இழுத்து ஏற்றினார்கள். தொட்டியில் அது வாய் திறந்தபோது நான் குனிந்து பார்த்தேன். சாம்பல் மண். அதன் மேலே நாற்று நட்டதுபோல் குச்சி குச்சியாக நின்றன. மேடம் என் தோளைப் பிடித்துக்கொண்டார். இடம் மாற்றி இடம் மாற்றி அள்ளினோம். சில இடத்தில் நிறைய, சில இடத்தில் கொஞ்சம், ஓரிடத்தில் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தையும் அப்படியே எழுதினோம்.

கரைக்கு வந்ததும் மேரி அக்கா சல்லடைக்குள் எட்டிப் பார்த்தார்.

“இந்த வைக்கல் துண்டுக்கா இவ்வளவு பாடு?”

“ஒங்க கிழங்கான் கிட்டக் கேளுங்க. அதுக்கு இது சோறு.”

மாதிரி எடுத்து முடியும்வரை அந்தப் பொட்டலத்தை நான் திறக்கவில்லை. அள்ளுகிற இடத்தில் வெளி மண் விழக்கூடாது அல்லவா? வீரமுத்து இத்தனை வருஷம் பொறுத்தவர், இன்னும் கொஞ்சம் பொறுப்பார் என்று மடியிலேயே வைத்திருந்தேன். எல்லாம் மூடி கட்டிய பிறகு, வளைகுடாவின் மறுபக்கம், முழங்கால் தண்ணீருக்கு இறங்கினேன். மேரி அக்காவும் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூட வந்தார். தாளைப் பிரித்தேன். செம்மண் தண்ணீரில் ஒரு கணம் சிவப்பாக நின்றது. ஒரு அலை வந்து வாங்கிக்கொண்டது. மேரி அக்கா சிலுவை போட்டுக்கொண்டார்.

“பேர் என்ன?”

“வீரமுத்து.”

அவர் தலையாட்டிவிட்டுக் கரையேறினார். வலை இழுக்கும் நேரம் அது. கயிறு இழுக்கும்போது பாடுகிற பாட்டில், முன்னால் நிற்பவர் ஒரு சொல் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் ‘ஏலேலோ’ சொல்லிக்கொண்டு பின்னுக்குச் சாய்வார்கள். மேரி அக்கா போய் முன்னால் நின்றவரின் காதில் ஏதோ சொன்னார். நான் ஈரச் சேலையோடு நின்று கேட்டேன்.

“வீரமுத்து வாராரு...”

“ஏலேலோ!”

“மலை இறங்கி வாராரு...”

“ஏலேலோ!”

அந்த மண்ணை மலைக்குக் கொண்டுவரவில்லை. நிலையத்தில் மின்சாரம் வந்த நேரங்களில் நாங்களே பொறுக்கினோம், குச்சி ஒவ்வொன்றையும் கீறிப் பார்த்தோம். முடிவை எழுதி அனுப்பினோம். மணல் எடுக்கும் வேலையை நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லி உங்களைச் சந்தோஷப்படுத்த ஆசைதான். தள்ளிப்போட்டிருக்கிறார்கள். இன்னொரு நாள் திரும்பக் கேட்பார்கள். அப்போது அந்தத் தோணியில் நீங்கள் இருப்பீர்கள். நான் இருக்க மாட்டேன். அதனால்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஓய்வு பெற்று வந்த பிறகு நான் கீழே போகவில்லை. முட்டி வலி, ரயில் படி ஏற முடியாது. மேரி அக்கா போனில் வருவார். பேசும்போது சில நாள் வலை இழுக்கும் சத்தம் கேட்கும். வீரமுத்துவின் பெயர் இன்னமும் அந்தப் பாட்டில் இருக்கிறது. இப்போது இழுக்கிற பிள்ளைகளுக்கு அவர் யாரென்று தெரியாதாம். பழைய காலத்துச் சம்மாட்டி, பெரிய வலைக்காரர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்களாம்.

பாக்கியத்திடம் சொன்னேன். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எனக்குத்தான் பொறாமை. நான் அந்தக் கரையில் அரை ஆயுசு இருந்தவள். கடலையே பார்க்காத மனுஷன் அங்கே தினமும் வலை இழுக்கிறார். நான் இங்கே சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, பனிக்குப் பின்னால் என்னவாவது கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.